அடியில் தேங்கும் உப்பு

அந்தமானுக்குப் போகும் புது லாரியின் ஆயுள் அதன் பளபளப்பில் இல்லை. கண்ணில் படாத அடிப்பாகத்தில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டிய நல்ல தண்ணீரோ தேவையான மாதத்தில் கிடைப்பதில்லை.

அந்தமானுக்கு லாரியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி, மூன்று நாள் கழித்து ஹேடோ துறையில் இறக்க வேண்டும். கொல்கத்தா, விசாகப்பட்டினம் வழியாகப் போனாலும் கதை இதுதான். ஷோரூம் வாசலில் மாலை போட்டு, டயரடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி அனுப்பிய வண்டி, முதல் நடையைத் தொடங்கும் முன்பே சில இரவுகளைக் கடல்காற்றில் நின்று கழித்துவிடுகிறது. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இறங்கும்போது மாலை வாடியிருக்கும். அதைவிட முக்கியமான இன்னொன்று கண்ணில் படாது. சேசிஸின் உள்பக்கம், கமான் பட்டைகளின் இடுக்கு, தொட்டியின் அடித்தகடு என்று எல்லா இடத்திலும் மெல்லிய உப்புப் படலம் குடியேறியிருக்கும்.

தலைநகருக்கு மேற்கே, தென் அந்தமானின் உள்பகுதியில் இருக்கிறது சௌல்தாரி. சிறு கூடாரத்தைக் குறிக்கும் இந்திச் சொல்லை நினைவூட்டும் பெயர். நம்மூர்க் கடலோர கிராமம் போல அலை அடிக்கும் ஊரல்ல. ஆனால் தீவே ஒடுங்கியது; எங்கே நின்றாலும் ஏதோ ஒரு பக்கம் கடல் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இப்படிப்பட்ட ஊர்களில் சரக்கு வண்டி என்றால் பெரும்பாலும் பெரிய பத்துச் சக்கர லாரி இல்லை. 1986இல் வந்த டாடா 407, 2005இல் வந்து நம்மூரில் ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், பிக்கப் வகைகள். தேங்காய், பாக்கு, காய்கறி, சிமெண்ட், மீன் என்று எது கிடைத்தாலும் ஏற்றும் வண்டிகள். ஓட்டுபவரே உரிமையாளராக இருப்பதும் சாதாரணம். நாலைந்து வருடத் தவணையில் வாங்கிய வண்டி, தவணை முடிந்த பிறகு ஓடும் வருடங்களில்தான் உண்மையில் சம்பாதித்துக் கொடுக்கிறது. அந்த வருடங்களைத்தான் துரு தின்கிறது.

உப்பு ஜாடி சொல்லும் பாடம்

மழைக்காலத்தில் சமையலறையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன். 33 சதவீத ஈரமே அதற்குப் போதும். அந்தமானில் வருடத்தின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர், அதாவது சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆகவே மழையே பெய்யாத நாளிலும், ஷெட்டுக்குள் நிறுத்திய வண்டியிலும், சேசிஸின் மேல் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் போதும்; உப்பு அந்த வேலையின் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. உப்பில் உள்ள குளோரைடு, பெயிண்டில் ஊசி முனையளவு விரிசல் கிடைத்தாலும் அதன் வழியே நுழைந்து, பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். மேலே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது அடியில் உள்ளங்கையளவு போயிருக்கும்.

இதையெல்லாம் அளந்து பார்ப்பதற்கென்றே தமிழ்நாட்டில் ஓர் இடம் உண்டு. வள்ளல் அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்கள் வாயில் ‘சிக்ரி’. மண்டபத்தில் கடலோரமாக அது ஒரு சோதனைக் களம் வைத்திருக்கிறது. விதவிதமான உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் சட்டங்களில் மாட்டிக் காற்றுக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டு, எவ்வளவு தின்னப்பட்டது என்று எடைபோடுவது அங்கே வேலை. பக்கத்திலேயே பாடம் நிற்கிறது: 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம். பரம்பரை பரம்பரையாகச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றியும், தூக்குப் பகுதியின் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வே அந்தப் பாடத்தைக் கற்க நூறு வருடம் எடுத்துக்கொண்டது. தவணை கட்டும் லாரிக்காரருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

கணக்கு எளிது. காற்றால் ஏற்படும் அரிப்பை வகைப்படுத்தும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9223, கடுமையான கடலோரச் சூழலை சி5 என்கிறது. அங்கே பூச்சில்லாத சாதா எஃகு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரான் வரை அரிக்கப்படும். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கேபின் தகட்டின் கனமே அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பூச்சு போன இடத்தில் வருடத்துக்கு 100 மைக்ரான் என்று வைத்தாலும், இரண்டு பக்கமும் அரித்தால் நாலைந்து வருடத்தில் விரல் உள்ளே போகும். சௌல்தாரி போன்ற உள்பகுதி ஊரில் உப்பு, அலை அடிக்கும் கரையைவிடக் குறைவாகத்தான் விழும். ஆனால் வண்டி ஊரிலேயே நிற்பதற்காக வாங்கப்பட்டதல்ல.

அது போகும் இடங்களைப் பாருங்கள். தினமும் துறைமுகம். மீன் ஏற்றினால் ஐஸ் உருகி உப்புநீர் பலகை இடுக்கு வழியே சேசிஸில் சொட்டும். வடக்கே ரங்கத், மாயாபந்தர் பக்கம் சரக்கு என்றால் அந்தமான் நெடுஞ்சாலையில் ஜிர்காடாங் போய், ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கடக்க வரிசையில் காத்திருந்து, மிடில் ஸ்ட்ரெயிட்டில் வாகனப் படகில் ஏற வேண்டும். படகின் தளத்தில் கடல்நீர் தேங்கியிருக்கும். டயர் அதை வாரி மட்கார்டுக்கு உள்ளே அடிக்கும். ஒரு காலத்தில் இதைவிட மோசம்: கட்டட வேலைக்குக் கடற்கரை மணலையே அள்ளிக்கொண்டிருந்தார்கள். சேகர் சிங் ஆணைய அறிக்கையின் பேரில் 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. கடற்கரைகளைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட உத்தரவு. ஈரமணல் சுமந்து தொட்டி உளுத்துப்போன லாரிகளுக்கும் அது நல்ல செய்திதான்.

மழை கழுவாத இடம்

இவ்வளவு மழை பெய்கிறதே, உப்பைக் கழுவிவிடாதா என்று கேட்கலாம். கழுவுகிறது, மேல்பாகத்தை மட்டும். கேபின் கூரை, பானெட், கதவு எல்லாம் வாரத்துக்கு நாலு தடவை இயற்கையே குளிப்பாட்டுகிறது. தொட்டியின் நிழலில் இருக்கும் அடிப்பாகத்துக்கு அந்த மழை எட்டுவதேயில்லை. காற்று கொண்டுவரும் உப்பு மட்டும் எட்டும். சேர்ந்துகொண்டே போகும். கடலோரக் கட்டடங்களில் மழை படாத சன்ஷேடின் அடிப்பகுதிக் கம்பி முதலில் வெடிப்பதும் இதனால்தான்.

இங்கேதான் வியாபாரம் தலைகீழாக நிற்கிறது. புது வண்டி வாங்கும்போது விற்பனைப் பிரதிநிதி ஆர்வமாக எடுத்து நீட்டுவது பெயிண்ட் பாதுகாப்பு: டெஃப்லான், செராமிக், ஒளி ஊடுருவும் ஃபிலிம். செராமிக் என்பது சில மைக்ரான் கனத்தில் கடினமான சிலிக்காப் படலம். தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு ஒட்டாது, வெயிலில் நிறம் மங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். பொய்யான பொருள் அல்ல. ஆனால் அது காப்பாற்றுவது மழை ஏற்கெனவே கழுவிக்கொடுக்கும் இடத்தை. சரக்கு வண்டிக்கு அதில் பணம் போடுவது, ஓலைக் கூரை ஒழுகும் வீட்டுக்கு வாசலில் கிரானைட் பதிப்பது மாதிரி. ஃபிலிம் கொஞ்சம் பரவாயில்லை. பாலியூரிதேனில் செய்த, 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள தோல். தெறிக்கும் ஜல்லியைத் தாங்கும். வண்டி முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. கேபினின் முன் கீழ்விளிம்பு, கால் வைக்கும் படி, சக்கரத்துக்குப் பின்னால் கல் அடிக்கும் இடம் ஆகிய மூன்றில் ஒட்டினால் செலவுக்கு நியாயம் உண்டு. மற்ற இடங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் போடும் மெழுகு பாலிஷே தாராளம்.

ஆலையில் தரப்படும் பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தகட்டைப் பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பிறகு பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி, இடுக்கெல்லாம் படியும்படி சுமார் 20 மைக்ரான் பிரைமர் ஏற்றுகிறார்கள். அதன் மேல் வண்ணம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான், ஒரு வெள்ளைத்தாளின் கனம். கவனமாக ஏற்றிய அந்தத் தாளை முதலில் கிழிப்பவர்கள் நாம்தான். பாடி கட்டும்போது துளை போடுகிறோம், வெல்டிங் வைக்கிறோம். பெயர்ப்பலகை, கொம்பு ஹாரன், சாமி படச் சட்டம், திருஷ்டிப் பொம்மை என்று ஆளுக்கொரு திருகாணி. ஒவ்வொரு துளையும் உப்புக்குத் திறந்த வாசல். திருஷ்டி கழிக்கத் துளைத்த ஓட்டையில் துரு உட்காருவது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். துளை போட்ட அன்றே அதன் விளிம்பில் ஜிங்க் பிரைமரைத் தொட்டு வைக்க இரண்டு நிமிடம் போதும்.

எதைப் பூசுவது

அடிப்பூச்சு என்ற தனித்தொழில் வளர்ந்தது, பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைக் கொட்டும் அமெரிக்காவில். ஸீபார்ட் என்ற நிறுவனம் 1959இல் டெட்ராய்ட்டில் தொடங்கி இதையே உலக வியாபாரமாக்கியது. உப்பு அலட்சியத்தை மன்னிக்காது என்பதற்கும் அங்கேதான் பெரிய உதாரணம் இருக்கிறது. டொயோட்டாவின் டகோமா முதலான பிக்கப் வண்டிகளின் சேசிஸ் துருத் தடுப்பு போதாமல் உளுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்குத் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2016இல் அந்த நிறுவனம் சம்மதித்தது. பல வண்டிகளுக்குச் சேசிஸையே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வண்டிகளுக்குப் பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது.

நம் பட்டறைகளில் கிடைப்பவை மூன்று வகை. ரப்பர் கலந்த தார்ப்பூச்சு கல்லடியைத் தாங்கும், சத்தத்தையும் குறைக்கும். ஆனால் வருடங்கள் போகப் போக இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த உப்புநீர் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கிவிடும். வெளியே கறுப்பாக, கெட்டியாக, பார்க்க நம்பிக்கையாக இருக்கும். உரித்தால் தகடு அதோடு சேர்ந்து வரும். இரண்டாவது மெழுகு வகை. இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருந்து, சின்னக் கீறலைத் தானே மூடிக்கொள்ளும். கதவின் உள்கூடு, பெட்டி போன்ற குறுக்குச் சட்டம் ஆகியவற்றின் உள்ளே நீண்ட குழாய் விட்டுத் தெளிக்க இதுதான் ஏற்றது. மூன்றாவது எண்ணெய், ஆட்டு ரோமக் கொழுப்பு வகை. இடுக்கில் நன்றாக ஊறும், ஆனால் தண்ணீர் பீய்ச்சினால் சீக்கிரம் போய்விடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். அந்தமானுக்கு எது என்று கேட்டால், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுகளுக்கு ரப்பர் வகை, மற்ற எல்லாவற்றுக்கும் மெழுகு என்பது என் கட்சி. சேசிஸ் என்பது படுக்கவைத்த ‘ப’ போன்ற சட்டம். அதன் கீழ் உதட்டில்தான் சேறும் உப்பும் சேரும். மேலோட்டமாகத் தெளித்துவிட்டுப் போகிற பட்டறைகள் பெரும்பாலும் அந்த உதட்டைத்தான் விட்டுவிடுகின்றன. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது.

காசில்லாதவர்களின் அடிப்பூச்சு ஒன்றும் உண்டு: எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில். டீசல் கலந்து பிரஷ்ஷால் அடித்துவிடுவார்கள். தண்ணீரைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும் என்பது உண்மை. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலக் கழிவு இருக்கிறது, கமான் பட்டையின் ரப்பர் புஷ் அதில் ஊறி உப்பிவிடும், புழுதியும் அப்பிக்கொள்ளும். முதல் பெருமழையில் அது வழிந்து போகும் இடம் ஓடை, பிறகு கழிமுகம், அலையாத்திக் காடு. மீன் பிடித்துப் பிழைக்கும் தீவில் இது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு.

எந்தப் பூச்சானாலும் சில இடங்களைத் தொடக்கூடாது: பிரேக் டிரம், புகைக்குழாய், புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுகள், ரேடியேட்டர், சென்சார்கள். கதவின் அடியிலும் குறுக்குச் சட்டத்திலும் உள்ள வடிதுளைகளை அடைத்துவிட்டால், காசு கொடுத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டியதாகிவிடும். உத்தரவாதத் தாளையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். புதிதாகத் துளை போட்டுத் தெளித்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

எப்போது, எந்தத் தண்ணீரில்

எதைப் பூசுவது என்பதைவிடப் பெரிய கேள்வி, எப்போது என்பது. வண்டி தீவுக்கு வந்து சேர்ந்த பிறகு பூசினால் மூன்று நாள் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். சரியான இடம் சென்னை. பாடி கட்டி முடித்து, துளைகளெல்லாம் போட்டு முடித்து, கப்பலேற்றும் முன்பு, ஒருநாள் முழுக்க வெயிலில் காய்ந்த வண்டிக்கு அடிக்க வேண்டும். இறங்கியதும் முதல் வேலை, வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே, அடியிலிருந்து நல்ல தண்ணீரில் கழுவுவது. பூஜை போட்ட கையோடு கப்பலேற்றிவிடும் அவசரத்தில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இரண்டையும்தான்.

அதன்பின் வருடம் ஒருமுறை மேற்பார்வை. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பாகவே, மே மாதத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடுகிறது. வடகிழக்குப் பருவமும் சேர்ந்து டிசம்பர் வரை ஈரம். தகடு காய்ந்து பூச்சு ஒட்டுவதற்குத் தோதான மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். தென் அந்தமானில் குடிதண்ணீருக்கு அல்லாடுவதும் இதே மாதங்களில்தான். தலைநகரத்தின் தண்ணீர் பெரும்பாலும் தானிகாரி அணையை நம்பியிருக்கிறது. கோடையில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள், சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி விட்டு வரும். குடத்துக்குச் சண்டை நடக்கும் வீட்டில் லாரியைக் கழுவத் தண்ணீர் கேட்டால் யார் தருவார்கள்? கேட்கத்தான் வாய் வருமா?

கிணறு இருக்கிறதே என்றால் அதிலும் ஒரு கண்ணி. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தென் அந்தமானின் நிலமே தாழ்ந்துபோனது. சிப்பிகாட் பக்கம் வயல்களுக்குள் கடல் ஏறி, இறங்காமல் நின்றுவிட்டது. தாழ்ந்த பகுதிக் கிணறுகளில் உவர் கலந்திருக்கலாம். அந்தத் தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்று தோன்றுகிறது. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து வைத்தால், வாளி வாளியாக ஊற்றாமல், தோட்டத்தில் முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானால் அடிப்பாகத்தை நனைத்து உப்பைக் கரைத்து வடியவிடலாம். ஒரு வண்டிக்கு இரண்டு தெளிப்பான் தண்ணீர். மருந்தடிக்காத புதுத் தெளிப்பானாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மீன் நடை முடிந்த அன்றும், வாகனப் படகில் போய்வந்த அன்றும் இதைச் செய்தால், ஜனவரியில் கழுவ வேண்டிய உப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

எஃப்சிக்கு முந்தின நாள்

சரக்கு வண்டிக்கு முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடந்தோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். நாடு முழுக்க எஃப்சிக்கு முந்தின நாள் நடக்கும் சடங்கு ஒன்றுதான்: சுரண்டாமல், கழுவாமல், துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்ட். மறுநாள் வண்டி புத்தம்புதிதாக நிற்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும் பொருள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வளர்ந்தால் ரிவெட்டையே பிதுக்கிவிடும். பிரேக் ஆயில் போகும் எஃகுக் குழாய், கமான் பட்டை தொங்கும் பிராக்கெட் இரண்டும் உளுத்தால் நடுவழியில் போவது சேசிஸ் மட்டுமல்ல. மேடும் வளைவுமான காட்டுச் சாலையில், பின்னால் வரிசையாக வண்டிகள் வர, பிரேக் மிதி தரையைத் தொடுவதை நினைத்துப் பாருங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதற்காகவே சின்னச் சுத்தியலோடு போவார்கள். சேசிஸைத் தட்டினால் ‘கிண்’ என்று வர வேண்டும். ‘டொக்’ என்று வந்தால் விலையைக் கேட்காமலே திரும்பிவிடலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சேசிஸ் எண் அடித்திருக்கும் இடத்தைப் பூச்சுப் போட வந்தவர் தெரியாமல் மூடிவிடுவார். மூடாமல் விட்டாலோ ஏழெட்டு வருடத்தில் துருவே அதை அழித்துவிடும். அங்கே மட்டும் பூச்சுக்குப் பதிலாகக் கிரீஸைத் தடவி, மேலே ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டிவைத்தால் போதும். அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்தால் மற்ற இடத்தின் நிலையும் ஓரளவு தெரியும். எட்டாம் வருட எஃப்சியில் ஆய்வாளர் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்க்கும்போது 17 எழுத்தும் தெளிவாக விழ வேண்டும்.